அரை மணி நேரப் படம், அஞ்சிய அரசாங்கம்!

ஹைதி நாட்டின் நினைவைக் காத்த சினிமாவும் ரேடியோவும்

அது ஒரு சினிமாப் படம். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். அதில் காதல் இல்லை, பாட்டு இல்லை, கத்திச் சண்டை இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைக் கண்டு ஓர் அரசாங்கமே அஞ்சியது!

படத்தின் பெயர் "இரவும் மூடுபனியும்". பிரெஞ்சு டைரக்டர் அலென் ரெனே எடுத்தது. 1956-ம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஆட்கள் லட்சக்கணக்கான மக்களை அடைத்துவைத்துக் கொன்றார்களே, அந்த முகாம்களைப் பற்றிய படம் அது.

1965-ம் ஆண்டு, ஹைதி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சில், ஒரு சினிமாக் கழகத்தில் அந்தப் படம் காட்டப்பட்டது. அதில் ஹைதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆயினும் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. முள்வேலிக்குள் நின்றவர்களின் முகங்களில் அவர்கள் தங்கள் முகத்தையே கண்டார்கள்!

அரசாங்கத்துக்கும் அது புரிந்தது. கழகம் இழுத்து மூடப்பட்டது.

அடிமைகள் அமைத்த நாடு

ஹைதி, கரீபியன் கடலில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், அங்கே பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களில் மாடாய் உழைத்தார்கள். 1791-ல் அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையே முறியடித்தார்கள். 1804 ஜனவரி 1-ந் தேதி ஹைதி சுதந்திர நாடு ஆயிற்று.

இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் வீடுதோறும் பூசணிக்காய் சூப் வைக்கிறார்கள். அடிமைக் காலத்தில் எஜமானர்கள் மட்டுமே குடித்த சூப் அது என்று மக்கள் சொல்கிறார்கள். விடுதலை பெற்ற நாளில் அதை எல்லோரும் குடிக்கிறார்கள்.

எழுதப் படிக்க விடப்படாத அந்த மக்கள், நினைவை அடுப்பில் காத்தார்கள், கதையில் காத்தார்கள். கதை சொல்பவர் "கிரிக்?" என்று கேட்பார். சுற்றி இருப்பவர்கள் ஒரே குரலில் "கிராக்!" என்பார்கள். அதற்குப் பிறகுதான் கதை தொடங்கும்.

பை மாமா

அந்தக் கதைகளில் ஒரு பூச்சாண்டி உண்டு. அவன் பெயர் "டோன்டோன் மக்கூட்". "பை மாமா" என்று பொருள். குறும்பு செய்யும் பிள்ளைகளைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்!

1957-ல் பிரான்சுவா டுவாலியர் ஜனாதிபதி ஆனார். அவர் ஒரு டாக்டர். தம் பதவியைக் காக்க அவர் ஒரு படையை அமைத்தார். மக்கள் அந்தப் படைக்கு வைத்த பெயர் "டோன்டோன் மக்கூட்". கதையில் இருந்த பூச்சாண்டி நிஜமாகவே தெருவுக்கு வந்துவிட்டான்! அவன் கொண்டுபோனது குழந்தைகளை மட்டும் அல்ல, பெரியவர்களையும்தான். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். நியூயார்க், மான்ட்ரியால் போன்ற நகரங்களில் குடியேறினார்கள். ரவூல் பெக் என்ற சிறுவன் பெற்றோருடன் ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோவுக்குப் போய்ச் சேர்ந்தான். அவனே பின்னாளில் புகழ்பெற்ற டைரக்டர் ஆனான். டுவாலியர் காலத்துக் கொடுமைகளை ஒரு சிறுமியின் கண்களால் காட்டும் அவருடைய படம், 1993-ல் கான் படவிழாப் போட்டியில் இடம்பெற்றது. பிறந்த மண்ணில் பேச முடியாததை, வெளியே போனவர்கள் திரையில் பேசினார்கள்.

வயலிலிருந்து ரேடியோவுக்கு

உள்ளேயே இருந்து பேசியவர் ஒருவர் உண்டு. சினிமாக் கழகத்தைத் தொடங்கிய ழான் டொமினிக்தான் அவர். 1930-ல் பிறந்தவர். பாரிசில் விவசாயம் படித்துவிட்டு வந்து, கிராமத்துக் குடியானவர்களிடையே வேலை பார்த்தார்.

1958-ல் ராணுவ அதிகாரியான அவருடைய சகோதரர், டுவாலியரைக் கவிழ்க்க முயன்று உயிர் இழந்தார். டொமினிக்கும் சிறையில் தள்ளப்பட்டார். ஆறு மாதம் கழித்து வெளியே வந்தபோது, அவருடைய விவசாய உத்தியோகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதன் பிறகே அவர் சினிமாவில் இறங்கினார். அந்த வழியும் அடைபட்டதும் ரேடியோவுக்குப் போனார்.

"ரேடியோ ஹைதி" அவர் கைக்கு வந்தது. அந்நாளில் படித்தவர்களின் மொழி பிரெஞ்சு. ஏழை எளியவர்களின் மொழி கிரியோல். டொமினிக் கிரியோல் மொழியில் செய்திகளைச் சொன்னார். வயலில் நின்றவனுக்கும் நாட்டு நடப்பு புரிந்தது. மறுபடியும் ஆட்சியாளர்களுக்குக் கோபம் வந்தது!

தந்தைக்குப் பின் மகன் டுவாலியர் ஆண்ட சமயம் அது. 1980 நவம்பரில் நிலையம் அடித்து நொறுக்கப்பட்டது. டொமினிக் நியூயார்க்குக்கு ஓட நேர்ந்தது. 1986-ல் மகன் டுவாலியர் நாட்டைவிட்டு ஓடினார்; டொமினிக் திரும்பி வந்தார். அவரை வரவேற்க விமான நிலையத்தில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

1991-ல் மீண்டும் ராணுவப் புரட்சி, மீண்டும் நியூயார்க். அப்போதுதான் அமெரிக்க சினிமா டைரக்டர் ஜொனாதன் டெம்மி அவரைப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார். 1994-ல் டொமினிக் தாயகம் திரும்பினார்.

ஓயாத குரல்

2000 ஏப்ரல் 3-ந் தேதி, ரேடியோ நிலைய வாசலிலேயே டொமினிக் சுட்டுக் கொல்லப்பட்டார். நிலையக் காவலாளியும் பலியானார். டொமினிக்கின் அஸ்தியைக் குடியானவர்கள் ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கரைத்தார்கள். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஹைதியின் நெல் வயல்களுக்குப் பாய்கிறது.

கொலை நடந்து சரியாக ஒரு மாதம். மே 3-ந் தேதி, அவருடைய மனைவி மிஷேல் மோன்டாஸ் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தார். தம் கணவர் சாகவில்லை என்று நேயர்களிடம் கூறி, ஒலிபரப்பைத் தொடங்கினார்! 2002 டிசம்பரில் அவர் வீட்டையும் கொலையாளிகள் தாக்கினார்கள். மெய்க்காவலர் ஒருவர் உயிர் இழந்தார். இனியும் உயிர்ப்பலி வேண்டாம் என்று 2003-ல் நிலையம் மூடப்பட்டது.

அதே ஆண்டில் டெம்மியின் படம் வெளிவந்தது. படத்தின் பெயர், "விவசாய நிபுணர்". சினிமாவை நேசித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட மனிதரைச் சினிமாவே காப்பாற்றி வைத்தது!

ரேடியோவும் அழியவில்லை. நிலையத்தின் ஒலிநாடாக்களை மோன்டாஸ் அம்மையார் அமெரிக்காவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். அங்கே அவை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யப்பட்டு, இன்டர்நெட்டில் யாரும் காசு கொடுக்காமல் கேட்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நாடாவிலும் என்ன இருக்கிறது என்ற குறிப்பு கிரியோல் மொழியிலும் எழுதப்பட்டிருக்கிறது.

நியூயார்க்கில் பிறந்த பேரனும் கேட்கலாம்; ஹைதியின் வயல்வெளியில் உள்ள தாத்தாவும் கேட்கலாம். டோன்டோன் மக்கூட்டின் பையில் எத்தனையோ மனிதர்கள் போனார்கள். இந்தக் குரல்கள் மட்டும் அதில் அடங்கவில்லை.