கரும்புச் சக்கையில் சர்க்கரை இருக்கு... உங்க போனஸை அதுல போடலாமா?



தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா, கரும்பு ஜூஸ் கடை கண்ணில் படாம வீட்டுக்குப் போக முடியாது. ரெண்டு மூணு தடவை மடிச்சுப் பிழிஞ்ச பிறகு, சக்கையை ஓரமா குவிச்சு வைக்கிறாங்க. ஜூஸ்ல இருக்கிற சர்க்கரைக்கு நீங்க காசு கொடுக்கிறீங்க. ஆனா அந்தச் சக்கையிலும் சர்க்கரை ஒளிஞ்சிருக்கு. காய்ந்த சக்கையில் சுமார் 40 சதவீதம் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலி.

இதை ஏன் சொல்றேன்? குரோம்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "விவசாயக் கழிவைச் சர்க்கரையாக்குற புது டெக்னாலஜி வந்தாச்சு, எத்தனால் ஷேர் பத்து மடங்கு ஏறும்னு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல சொல்றாங்க. போனஸ் 60,000 ரூபாய் வந்திருக்கு. மொத்தமா போடலாமா?"

அந்த டெக்னாலஜி பொய் இல்லை. அதனாலதான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும்.

அறிவியல் என்ன சொல்லுது?

சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனா செல்லுலோஸில் கண்ணிகள் வேற விதமா பிணைஞ்சிருக்கு. அதை நம்ம வயிறு உடைக்காது. மாட்டு வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் உடைக்கும்.

கந்தக அமிலம் ஊற்றினாலும் உடையும். ஆனா அது பாத்திரத்தை அரிக்கும். கடைசியில் அமிலத்தைப் பிரிச்சு எடுக்கிறதும் கஷ்டம். இதுக்கு மாற்றுதான் திட அமில வினையூக்கி. கரித்தூள் மாதிரி ஒரு திடப்பொருளின் மேற்பரப்பிலேயே அமிலத்தன்மை ஒட்டியிருக்கும். வேலை முடிஞ்சதும் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். ஜப்பானில் மிச்சிக்காசு ஹாரா குழுவினர் 2008-ல் இப்படி ஒரு கார்பன் வினையூக்கியால் செல்லுலோஸை உடைச்சுக் காட்டினாங்க. நம்ம கிண்டி பக்கம் ஐஐடி மெட்ராஸில் வினையூக்கிகளுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு.

சிக்கல் எங்கே? செல்லுலோஸும் திடம், வினையூக்கியும் திடம். ரெண்டும் சரியா தொட்டுக்காது. சேர்த்து மைய அரைச்சா மகசூல் கூடும். கூடவே கரண்ட் பில்லும் கூடும். சூடான தண்ணீரில் அமிலப் பகுதி கொஞ்சம் கொஞ்சமா கழன்று போகலாம். சூடு அதிகமானா, கிடைச்ச சர்க்கரையே சிதைஞ்சுடும்.

பானிபட் கணக்கு

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் கட்டிய வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே செல்லுலோஸை உடைப்பது திட அமிலம் இல்லை, என்சைம். செலவு சுமார் 900 கோடி ரூபாய். ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம்.

வகுத்துப் பாருங்க. ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர். ஆண்டுக்கு ஒரு லிட்டர் தயாரிக்கும் திறனை உருவாக்க 300 ரூபாய் முதலீடு. இதுபோக வைக்கோலை வயலிலிருந்து கட்டிக் கொண்டுவரணும், சேமிக்கணும், என்சைம் வாங்கணும்.

பணம் போட்டவங்க கதை

அமெரிக்காவில் கியார் என்ற கம்பெனி, வினையூக்கியை வச்சு மரச்சீவலை எரிபொருளாக்குவோம்னு சொன்னது. சர்க்கரை வழி இல்லை. ஆனா கழிவைக் காசாக்கும் ஆசை அதேதான். 2011-ல் ஒரு பங்கு 15 டாலர்னு சந்தைக்கு வந்தது. 2014 நவம்பரில் திவால். மகசூல் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அங்குள்ள பங்குச்சந்தை ஆணையம் 2016-ல் நடவடிக்கை எடுத்தது.

சின்ன கம்பெனிக்குத்தான் இந்த நிலைமைன்னு நினைக்காதீங்க. டூபாண்ட் அயோவாவில் சோளத்தட்டை எத்தனால் ஆலையை 2015-ல் திறந்து, 2017-லேயே கைவிட்டது.

நீங்க கேட்க வேண்டிய மூணு கேள்வி

1. மகசூல் எங்கே கிடைச்சது? லேப் குடுவையிலா, வருஷம் முழுக்க ஓடும் ஆலையிலா?

2. இந்தக் கம்பெனிக்கு இன்னைக்கு வருமானம் எதிலிருந்து? பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் வரும் ஆர்டரா? அப்படின்னா அது பெரும்பாலும் கரும்பு, தானிய எத்தனால். சக்கையிலிருந்து வருதுன்னு நினைச்சு அதுக்கு விலை கொடுக்காதீங்க.

3. இந்தப் பணம் பூஜ்யமானா, அடுத்த மாச வாடகை தடுமாறுமா?

குரோம்பேட்டை நண்பரிடம் மூணாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். அவரிடம் அவசரகால நிதியே இல்லை. 60,000 ரூபாய் அவருக்கு மூணு மாச வீட்டுச் செலவு. அதை முதலில் தனியா எடுத்து வைங்க, எஸ்ஐபி-யை நிறுத்தாதீங்கன்னு சொன்னேன். இந்தத் துறையில் ஆர்வம் இருந்தா, அதுக்கப்புறம் மிஞ்சுறதில், முழுசா போனாலும் தூக்கம் கெடாத அளவு போடலாம்.

சக்கையிலிருந்து சர்க்கரை எடுக்கும் நாள் வரட்டும், நாமளும் சந்தோஷப்படுவோம். ஆனா கண்டுபிடிப்பு ஜெயிக்கிறதும் நீங்க வாங்கின ஷேர் ஜெயிக்கிறதும் ஒண்ணு இல்லை.

உங்க குரூப்ல இப்போ எந்த "பத்து மடங்கு" டிப்ஸ் சுத்துது? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.