மண்ணுக்கும் பசியுண்டு

மிளகாயின்றி நமது சமையல் இல்லை. சரக்குத்தூளும் சம்பலும் மோர்மிளகாயும் இல்லாத யாழ்ப்பாணத்து அடுக்களையை எண்ணிப் பார்த்தலும் அரிது. எனினும், மிளகாய் நம் நாட்டுக்கே உரிய பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கப்பல்களில் ஏறி இக்கரை சேர்ந்த விருந்தாளி அது. அதற்கு முன்னர் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர்; மிளகைப் போன்று காரமுடைய காய் ஆதலின் மிளகாய் எனப்பட்டது. வந்த விருந்தாளிக்கு வலிகாமத்துச் செம்மண் நன்கு பொருந்திவிட்டது.

இன்றோ வளவுகள் சுருங்கி வருகின்றன. முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சாடிகளிலே மிளகாய் நடுவோர் பெருகியுள்ளனர். இவர்களுக்கெனக் கடைகளிற் பொதிசெய்து விற்கப்படுவதே சாடிக் கலவை. இக்கலவை சிறந்ததா, குழையும் எருவும் இட்டுப் பேணிய உயிருள்ள தோட்டத்து மண் சிறந்ததா என்னும் வினா பல இல்லங்களில் எழுகின்றது.

ஒரு சிறு பரீட்சை

இவ்வினாவை மாணவர் சிலர் என்னிடமும் கேட்டனர். செய்து பார்த்தே விடை கூறுதல் நன்று எனக் கருதி, பட்டணத்துக் கடையொன்றில் ஒரு பொதி கலவை வாங்கினேன். ஒரே காயின் விதைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கைக் கலவையிலும் மறு பங்கைக் கிணற்றடிப் பாத்தியிலும் இட்டேன்.

முதல் வெற்றி கலவைக்கே கிடைத்தது. அதில் இட்ட விதைகள் ஏறக்குறைய எல்லாமே முளைத்து நிமிர்ந்து நின்றன. பாத்தியிலோ நாற்றுகள் பல அடித்தண்டு அழுகிச் சரிந்தன. மண்ணில் வாழும் பங்கசு வகைகளால் நேரும் நாற்றழுகல் நோய் இது. கடைக் கலவையில் இந்நோய்க் கிருமிகள் பெரும்பாலும் அரிதாதலின் நாற்றுகள் தப்பிப் பிழைத்தன.

ஆயினும், இரண்டு மாதம் கழிந்தபோது நிலைமை மாறிற்று. பாத்தியில் எஞ்சிய செடிகள் கரும்பச்சை நிறங்கொண்டு கிளைவிட்டுப் பூத்தன. சாடிச் செடிகளின் அடியிலைகளோ மஞ்சளித்து உதிரத் தொடங்கின. நான் நாள்தோறும் தவறாது நீர் வார்த்தும் பயனில்லை. அயலிலுள்ள முதிய கமக்காரர் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று இதனைப் பார்த்து, “மாஸ்ரர், தண்ணி மட்டும் குடுத்தால் காணுமோ? மண்ணுக்கும் பசிக்குமல்லோ!” என்று சிரித்தார். பல நூல்களைப் புரட்டி நான் அறிந்ததன் சாரத்தை அவர் ஒரு வார்த்தையிற் சொல்லிவிட்டார்.

கலவையில் இருப்பது யாது?

இங்கே விற்கப்படும் கலவைகளிற் பலவற்றின் பெரும்பகுதி தென்னந் தும்புத்தூளே. அது தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரை ஏந்தி வைத்திருக்கும். அதே வேளை, வேருக்கு வேண்டிய காற்றுக்கும் இடங்கொடுக்கும். பாரமும் குறைவு. ஆனால், அதில் நைதரசன் மிகக் குறைவு. கல்சியத்தையும் மகனீசியத்தையும் அது தன்பாற் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளாயின் உப்பும் மிகுந்திருக்கும். கலவையோடு சேர்த்துவிடும் சிறிதளவு பசளை தீர்ந்ததும், செடி பட்டினி கிடக்க நேர்கின்றது. என் செடிகளுக்கு நேர்ந்ததும் அதுவே.

மண்ணினுள்ளே ஓர் உலகம்

வளமான தோட்டத்து மண்ணின் கதை வேறு. அதில் ஒரு சிட்டிகையிலேயே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை இலையையும் சாணத்தையும் உக்கச்செய்து, அவற்றிலுள்ள சத்தைச் சிறிது சிறிதாக வேருக்கு அளிக்கின்றன. பங்கசு வகைகள் சில மிளகாய் வேரினுட் புகுந்து, தம் நுண்ணிய இழைகளால் வேர் எட்டாத தூரத்துப் பொசுபரசைக் கொணர்ந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடமிருந்து வெல்லத்தைப் பெறுகின்றன. வேரும் பங்கசும் கூடிவாழும் இத்தகைய உறவுக்கு 1885இல் பெயரிட்டவர் பிராங்க் என்னும் செருமானிய அறிஞர். மண்புழுவின் தொண்டைப் பற்றி 1881இல் ஒரு நூலே எழுதினார் சாள்ஸ் டார்வின்.

இதனை மாணவர்கள் எளிதிற் சோதிக்கலாம். பழைய பருத்தித் துணியில் இரு துண்டுகளை வெட்டி, ஒன்றைத் தோட்டத்து மண்ணிலும் மற்றதைக் கலவையிலும் புதைத்து, ஈரம் காயாது காத்து, சில வாரங்களின் பின் எடுத்துப் பாருங்கள். நான் புதைத்தவற்றுள் மண்ணிற் கிடந்த துணி சல்லடைபோல் ஆகியிருந்தது; கலவையிற் கிடந்தது பெரிதும் குலையாதிருந்தது.

ஆனால், ஒன்றை மறத்தலாகாது. செம்மண் தன்னியல்பாகவே வளமுடையதன்று. நமது வெப்பத்தில் உக்கல் விரைவிற் கரைந்துபோம். ஆதலினாற்றான் நம் கமக்காரர் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தனர். சணல் விதைத்து உழுது புரட்டினர். இரவில் ஆட்டுப்பட்டி அடைத்தனர். மண்ணின் உயிர் என்பது ஆண்டுதோறும் உணவிட்டுப் பேணப்பட்ட ஒன்றாகும்.

கிணற்று நீரும் நம் குழந்தைகளும்

இது மிளகாயோடு முடியும் செய்தியன்று. வலிகாமத்தில் வற்றாத ஆறு இல்லை. குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பி வாழ்ந்து வந்துள்ளோம். பயிர் உறிஞ்சாத நைதரசன் நைத்திரேற்றாகி, நீரோடு இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேர்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை நைத்திரேற்றுக் குறைக்க வல்லது. மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணமாதலின் பழி முழுவதும் யூரியாவுக்கு உரியதன்று. அளவுமீறி இட்ட எருவும் இதே தீங்கைச் செய்யும். உக்கல் நிறைந்த மண்ணோ, சத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால், வீணே வடிந்து செல்வது குறையும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் குன்றி, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை நாம் கண்டோம். பல்லாண்டு பசித்திருந்த மண்ணை ஒரே பருவத்தில் உயிர்ப்பிக்க இயலாது என்பதே அதனால் நாம் பெற்ற பாடம்.

செய்யத்தக்கது யாது?

நாற்றுக்குக் கலவையைப் பயன்படுத்துக. நிலமுள்ளோர் நாற்றைத் தோட்டத்து மண்ணுக்கே மாற்றுக. நிலமில்லாதோர் வெறும் செம்மண்ணைச் சாடியில் நிரப்பலாகாது. அது இறுகி நீரைத் தேக்கி வேரை அழுகச்செய்யும். செம்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, பலமுறை கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்புக. பச்சைச் சாணம் வேண்டா. இரு வாரத்துக்கொரு முறை ஒரு பிடி கூட்டெரு இட்டு, மேலே சீமைக்கிளுவை இலையைப் பரப்புக. காய்த்து முடிந்த சாடியின் மண்ணை எறியாது, கூட்டெரு சேர்த்து மறுமுறை வேறு பயிருக்குப் பயன்படுத்துக.

என் சாடிச் செடிகளுக்கும் அவ்வாறே கூட்டெரு இட்டேன். உதிர்ந்த இலைகள் மீளவில்லை. ஆயினும் புதுத் தளிர் பச்சையாகவே வந்தது. இப்போது என் வீட்டுக் குசினியின் காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் குப்பைக்குப் போவதில்லை. மண்ணுக்கு இடும் உணவு இறுதியில் நம் கோப்பைக்கும் கிணற்றுக்குமே திரும்பி வருகின்றது என்பதை நம் பிள்ளைகள் ஒரு மிளகாய்ச் செடியிலிருந்தேனும் கற்பாராயின், அதுவே பெரும் பயனாகும்.