தசைக்குக் கரண்ட் கொடுக்கும் உடை: நம்ம ஊர் வியர்வைக்கு ஒத்துவருமா?

பக்கவாதம் வந்தவர்களுக்கு பிசியோதெரபியில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, பார்த்திருப்பீர்கள். தோலில் இரண்டு பேடுகளை ஒட்டி மின்துடிப்புகளை அனுப்பினால் நரம்பு தூண்டப்பட்டு தசை சுருங்கும். அந்தப் பேடுகளை உடையிலேயே வைத்துத் தைத்துவிட்டால்? இறுகிப்போன தசைகளைத் தளர்த்த ஸ்வீடனில் உருவான மோலி உடையில் 58 மின்முனைகள் இருக்கின்றன. திண்டிவனத்தில் என் சித்தப்பாவுக்கு இடது முன்பாதம் தொங்கிப்போனதிலிருந்து இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் அவரை விழுப்புரம் வரை கூட்டிவருவது சித்தியால் ஆகிற காரியமில்லை.

இந்த உடைகளில் சௌகரியம் என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். சின்னக் கணக்குதான். 5-க்கு 5 செ.மீ. பேடு என்றால் பரப்பு 25 சதுர செ.மீ. அதில் 25 மில்லியாம்பியர் போனால் சதுர செ.மீ.க்கு 1. உடை சரியாக உட்காராமல் பேடு பாதி விலகிவிட்டது என்று வையுங்கள். பல கருவிகள் மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் வகை. தடை கூடினால் மின்னழுத்தத்தை ஏற்றி அதே 25-ஐத் தள்ளும். இப்போது சதுர செ.மீ.க்கு 2. சுருக்குன்னு குத்தும், தோல் புண்ணாகவும் கூடும். நமக்கென்றால் உடனே கழற்றிவிடுவோம். பக்கவாதம் வந்த சிலருக்கு அந்தப் பக்கம் உணர்ச்சியே குறைஞ்சிருக்கும். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், அலாரம் அடிக்க வேண்டிய சென்சாரே அவுட். ஆகவே கருவியே தடையை அளந்துபார்த்து நிற்கத் தெரிந்ததாக இருக்கணும்.

உடையில் ஜெல்லுக்குப் பதில் வெள்ளி பூசிய நைலான் நூல் வரும். அதற்கு ஈரம் வேண்டும். ஈரத்துக்கா நம்மிடம் பஞ்சம்! ஆனால் வியர்வை ஒரே சீராகப் பரவாது. துணி முழுக்க நனைந்தால் கரண்ட் தசைக்குள் போகாமல் ஒரு பேடிலிருந்து அடுத்த பேடுக்குத் துணி வழியாகவே ஓடலாம். இறுக்கிப் பிடித்தால்தான் தொடர்பு நிற்கும். மே மாதத்தில் இறுக்கினால் வேர்க்குரு. முழு உடை நமக்குத் தோதுப்படாது என்பது என் எண்ணம். முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை, பேடு இருக்கும் இடம் மட்டும் இறுக்கம், ஒரு கையாலேயே ஒட்டக்கூடிய வெல்க்ரோ. போதும்.

இன்னொன்று செருப்பு. 1961-இல் லிபர்சன் குழு அமெரிக்காவில் செய்த கருவியில் ஷூவின் குதிகாலில் ஒரு ஸ்விட்ச். குதிகால் தூக்கியதும் கரண்ட் பாயும், முன்பாதம் எழும்பும். நாம் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுகிற ஆட்கள். விழுவதோ வீட்டுக்குள், ஈர பாத்ரூமில். காலின் சாய்வைப் பார்த்து வேலை செய்யும் பிற்காலக் கருவிகள்தான் வெறுங்காலுக்குப் பொருந்தும். (அதற்காக ஈரத்தில் மாட்டிக்கொண்டு குளிக்கப் போகாதீர்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.)

பேடு ஒன்றிரண்டு செ.மீ. நகர்ந்தாலே பாதம் மேலே எழும்பாமல் வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். தைத்து வைத்த பட்டையின் பெரிய லாபம் இந்த இடம் மாறாமல் இருப்பதுதான். அது கிடைக்கும்வரை, பிசியோ காட்டிய இடத்தைச் சித்தி ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். குளித்ததும் அழியும், மறுபடி போடுவார்.