ஒரு பிட் புரண்டா ஏழு கிலோமீட்டர்!

மணமேல்குடி கடற்கரைக்கு எதிர்ல பாக் நீரிணை, அதுக்கு அந்தப் பக்கம் இலங்கை. படகு ஜிபிஎஸ் பலதும் என்எம்ஈஏ 0183 முறையில, சீரியல் ஒயர்ல 4800 பாட் வேகத்துல இடத்தைச் சொல்லும். மின் இரைச்சல்ல ஒரே ஒரு பிட் புரண்டு, அட்சரேகை நிமிஷத்துல '1' வந்து '5' ஆயிட்டா? நாலு நிமிஷம், அதாவது 7.4 கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். கடல் எல்லை பக்கத்துல அது விளையாட்டு இல்ல.

அதனால புரோகிராம்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி நான் மூணு விஷயம் பார்ப்பேன். ரெண்டு பக்கமும் கிரவுண்ட் ஒண்ணா? வோல்டேஜ் லெவல் பொருந்துதா? பாட் வேகம் ஒண்ணா?

அப்புறம், ஒவ்வொரு வரி முடிவுலயும் நட்சத்திரக் குறிக்குப் பின்னாடி வர்ற செக்சம். ஒத்தை பிட் புரண்டா அது கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பொருந்தலைன்னா அந்த வரியைத் தூக்கிப் போடுங்க. தப்பான இடத்தைவிட 'சிக்னல் இல்லை' எவ்வளவோ மேல்.