வீடே பள்ளிக்கூடமானால்...

கிறிஸ்தவப் பெற்றோருக்குச் சில யோசனைகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்கள் மும்பை, புனே, பெங்களூர் போன்ற நகரங்களில் சில உண்டு. அவற்றில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, "நாமும் அப்படிச் செய்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் நம் தமிழ்ச் சபைகளிலும் இருக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டி மாளவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாப் பகுதியிலும் இல்லை. பிள்ளை ஐந்தாவது படிக்கிறது. தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியவில்லை. குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் திருதிருவென்று விழிக்கிறது. தெய்வ பயத்தோடு வளரவேண்டுமே என்ற கவலை வேறு.

கவலைகள் நியாயமானவைதான். ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்துவது ஒருநாள் வேலை. வீட்டில் பள்ளிக்கூடம் நடத்துவது பத்து வருட வேலை. அதை அறிந்தே இறங்கவேண்டும்.

சூசன்னா அம்மையார்

வீட்டுப் பள்ளிக்கூடம் இன்று நேற்று வந்தது அல்ல. மெதடிஸ்டு சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லியும், ஆயிரக்கணக்கான ஞானப்பாடல்களை இயற்றிய அவர் தம்பி சார்லஸ் வெஸ்லியும் சிறுவயதில் தாயாரிடமே பாடம் படித்தவர்கள். தாயார் பெயர் சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரின் குருவானவர் மனைவி. பெற்ற பிள்ளைகள் 19 பேர்; அவர்களில் பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர். கணவர் ஒருமுறை கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். 1709-இல் வீடே தீப்பற்றி எரிந்தது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த அம்மாள் பள்ளிக்கூடம் நடத்தினார்.

எப்படி நடத்தினார் என்பதை 1732-இல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்வரை எழுத்து கற்பிப்பதில்லை. நிறைந்ததும் ஒருநாளை அதற்கென்றே ஒதுக்குவார். காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை பள்ளி நேரம். அந்த நேரத்தில் யாரும் அறைக்குள் வரக்கூடாது. அந்த ஒரே நாளில் பிள்ளை ஆங்கில எழுத்துக்கள் அத்தனையையும் கற்றுவிடும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்ததாம். அடுத்த பாடம் ஆதியாகமம் முதல் அதிகாரம். எழுத்துக்கூட்டி ஒரு வசனம்; அது தங்குதடையின்றி வந்த பிறகே அடுத்த வசனம்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளைக்கு என்று பங்கிட்டு, தனியாக உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. பிள்ளை நிறைந்த வீட்டில் தாயிடம் தனியாகப் பேச அரைமணி கிடைப்பது எவ்வளவு அரிது என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததா?

அமெரிக்கப் புத்தகங்கள் வேண்டுமா?

அமெரிக்காவில் வீட்டுக்கல்வி பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. கிறிஸ்தவப் பெற்றோர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். வழக்குகள் நடந்தன. அவர்களுக்காக வாதாட 1983-இல் ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கமும் ஏற்பட்டது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது.

அவர்கள் நாட்டுப் பாடப்புத்தகங்களை இங்கே தருவிக்கிறவர்கள் உண்டு. வழுவழுப்பான தாள், விலையும் அதற்கேற்றபடி. டாலரையும் பனிக்காலத்தையும் வைத்துக் கணக்குச் சொல்லும் புத்தகத்தைவிட, ரூபாயும் ஜூலை மழையும் தெரிந்த புத்தகமே நம் பிள்ளைக்குப் போதும் என்பது என் எண்ணம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் மலிவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து காசில்லாமலே இறக்கிக்கொள்ளலாம். புத்தகத்துக்காகக் கடன்படவேண்டாம்.

சட்டமும் சர்ட்டிபிகேட்டும்

நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதுவும் கூறவில்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் காலம் தள்ளுகின்றன.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது சர்ட்டிபிகேட்டுக்கு வழி. ரெயில்வேயில் கடைநிலை வேலைக்கு மனுப்போடவே 10-ஆம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ கேட்கிறார்கள். பிள்ளை எவ்வளவு படித்திருந்தாலும் கவுண்ட்டரில் கேட்பது காகிதத்தைத்தான்.

அந்தக் காகிதம் தருவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1979-இல் சி.பி.எஸ்.இ.யின் கீழ் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமானது. மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தது. சிறுபிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலைகள்: முறையே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமம். 10-ஆம் வகுப்புக்கு 14 வயதும், 12-ஆம் வகுப்புக்கு 15 வயதும் நிறைந்திருக்கவேண்டும். ஐந்து பாடங்கள் தேறவேண்டும்; தமிழை ஒரு மொழிப்பாடமாக எடுத்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். பதிவு இணையத்தில்தான். பிறந்த தேதிச் சான்று, ஆதார் இரண்டிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நம்மவர் பெயரில் இனிஷியல் முன்னால் வந்தும் பின்னால் வந்தும் படுத்துகிற பாடு எல்லாரும் அறிந்ததே.

பாய் விரித்தால் பள்ளிக்கூடம்

ஒரே அறை வீடு. பக்கத்து வீட்டில் டி.வி. இதில் எங்கே பாடம் என்று கேட்பார்கள். ஒரு குடும்பத்தில் பார்த்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். பாடத்துக்கென்று தனியாக ஒரு பாய். குழாயில் தண்ணீர் பிடித்து, கணவரை வேலைக்கு அனுப்பியதும் பாய் விரிக்கப்படும். விரித்தால் பள்ளிக்கூடம், சுருட்டினால் விடுமுறை. பாய்மேல் இருக்கும்போது போனை எடுப்பதில்லை என்று தாயாரும் வைத்திருக்கிறார். மூன்று மணி நேரத்துக்குமேல் நடத்துவதில்லை. ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு அது தாராளம். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பதிலும் வருகைப்பதிவிலும் போகும் நேரம் இங்கே மிச்சம்.

சிறுபிள்ளையை ஒரே பாடத்தில் இருபது நிமிடத்துக்குமேல் உட்காரவைக்கவேண்டாம். இதை வற்புறுத்தியவர் சார்லட் மேசன் (1842-1923) என்ற ஆங்கிலேய ஆசிரியை. கிறிஸ்தவ வீட்டுக்கல்விக்காரர்கள் இன்றும் அவர் வழியைப் பின்பற்றுகிறார்கள். அவருடைய இன்னொரு முறை இன்னும் எளிது. ஒரு பகுதியை ஒரே தடவை வாசிக்கவேண்டும். உடனே புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளை தன் சொந்த வார்த்தையில் அதைச் சொல்லவேண்டும். கேள்வித்தாளும் வேண்டாம், கோனார் நோட்சும் வேண்டாம். பிள்ளைக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். எட்டாவது வரை படித்த தாயாரும் இதைச் செய்யலாம்.

தமிழ் எழுத்து

சூசன்னா அம்மையார் போல ஒரே நாளில் எழுத்து முடியாது. நம் எழுத்து 247. அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கினால் பிள்ளை 'ஔ' வருவதற்குள் சலித்துவிடும். ட, ப, ம என்ற மூன்றை முதலில் சொல்லிக்கொடுங்கள். எழுதவும் சுலபம். புள்ளியையும் காட்டிவிட்டால் படம், மடம் என்று முதல் நாளிலேயே சொல் வாசித்துவிடும். அடுத்து பட்டம், மட்டம். வாசிக்க முடிந்தது என்ற சந்தோஷம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்.

வேதாகமம் வாசிக்கவைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. சொற்களைச் சேர்த்து எழுதும் முறையும் வடமொழிச் சொற்களும் பட்டணத்துப் பிள்ளையைத் திணறடிக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இக்காலத் தமிழில் இருக்கிறது. பயிற்சிக்கு அதை வைத்துக்கொண்டு, ஜெபத்துக்குப் பழையதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ரூத்தும் யோனாவும் நான்கு நான்கு அதிகாரம்தான், கதையும் உண்டு. அவற்றில் தொடங்கலாம். நீதிமொழிகள் 31 அதிகாரம்; தேதிக்கு ஒன்று.

கணக்கும் இதிலேயே வரும். நோவாவின் பேழை நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் நீளம் 450 அடி. ஒரு ரெயில் பெட்டி ஏறக்குறைய 70 அடி. பேழை எத்தனை பெட்டி நீளம்? ஏறக்குறைய ஆறரைப் பெட்டி என்று கண்டுபிடித்த பையன், அடுத்த தடவை பிளாட்பாரத்தில் நின்று பெட்டி எண்ணாமல் விடமாட்டான். ரெயில்வே கால அட்டவணை ஒன்றிருந்தால் நேரம், தூரம் எல்லாவற்றுக்கும் கணக்குத் தயார்.

மராத்தியை ஒதுக்கவேண்டாம். மகாராஷ்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தி கட்டாயம் என்று 2020-இல் சட்டம் வந்திருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சட்டம் சொல்லாவிட்டாலும் வாழ்க்கை சொல்லும். மாலையில் கீழே இறங்கி, எந்த மதத்துப் பிள்ளைகளானாலும் சேர்ந்து விளையாடவிடுங்கள். பாதி மராத்தி அங்கேயே வந்துவிடும். ஞாயிறு பள்ளியும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் மட்டும் சிநேகிதத்துக்குப் போதாது.

யார் செய்யக்கூடாது?

தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதைத் தொடங்கவே கூடாது. பூட்டிய வீட்டில் பிள்ளையும் போனும் இருப்பதற்குப் பெயர் வீட்டுக்கல்வி அல்ல. அப்படிப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்தை விடாமல், இரவு சாப்பாட்டுக்கு முன் ஒருமணி நேரம் பாய் விரித்தால் போதும். அரைமணி தமிழ், அரைமணி வேத வாசிப்பும் கணக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு ஏற்ற முறை இதுதான். ஷிப்டு வேலைக்காரத் தகப்பனும் ஓய்வுநாளில் அந்த ஒருமணியை ஏற்றுக்கொள்ளவேண்டும். தாய்க்கு வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு வேண்டாமா?

மற்றொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்ற பேரில் பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் பாத்திரம் தேய்க்கவும் வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. காலையில் ஜெபமும் நடக்கும். அந்தப் பெண் புத்தகத்தைத் தொட்டு மாதமாகியிருக்கும். நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்ணுக்கும் வேலை பழக்கக்கூடாது என்பது சூசன்னா அம்மையார் வகுத்த சட்டங்களில் ஒன்று. அதே 1732-ஆம் வருடக் கடிதத்தில் இருக்கிறது. அவருடைய வீட்டில் பெண்கள் ஏழு பேர்.

நிறுத்துவதற்கு முன்

பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பதாக இருந்தால் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் வாங்காமல் எடுக்கவேண்டாம். கட்டணப் பாக்கி வைத்தால் அது தகராறில் முடியும். வீட்டில் நடத்திய பாடங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிள்ளை எழுதிய காகிதங்களையும் எடைக்குப் போடாதீர்கள். ஆறுமாதம் நடத்திப் பார்த்து முடியவில்லை என்றால் திரும்பச் சேர்ப்பதில் வெட்கம் இல்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் தனிப்பயிற்சியும் தரவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. தலைமை ஆசிரியர் தயங்கினால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.