பாடசாலைத் தொழிற்கல்வியும் அரச நிதியும்: சில அவதானிப்புகள்

இலவசக் கல்வி பற்றிப் பேசும்போது நாம் வகுப்பறையையே மனத்திற் கொள்கின்றோம், தொழிற்கூடத்தை நினைப்பதில்லை. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை, கட்டணமற்ற கல்வியோடு, இடைநிலைக் கல்வியை மூவகைப் பாடசாலைகளாக வகுத்தலையும் விதந்துரைத்தது. முன்னையது 1945இல் நடைமுறைக்கு வந்தது; தொழில் சார்ந்த பாடசாலைகளோ பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றன. பெற்றோரின் உத்தியோக மோகமே இதற்குக் காரணமெனக் கூறி அமைதல் எம்மிடையே வழக்கம். எழுதுவினைஞருக்கு ஓய்வூதியமும் தச்சருக்கு நாட்கூலியும் வழங்கிய சமூகத்தில் அதனை மோகம் என்பதிலும் கணக்கு என்பதே பொருந்தும். கானாவை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரரும், மாணவரின் நாட்டத்தைத் தீர்மானிப்பது பாடவிதானமன்று, தொழிற்சந்தையே என 1965இல் வாதிட்டார். ஆயினும் இவ்விளக்கத்தினுள் நிதி பற்றிய வினா மறைந்துவிடுகின்றது. அதனையே ஈண்டு நோக்குகின்றோம்.

ஏனைய பாடங்களுக்கும் தொழிற்பாடத்துக்கும் செலவின் தன்மையிலேயே வேறுபாடு உண்டு. வரலாறு கற்பிக்க ஆசிரியரும் நூலும் போதும். அந்நூலை அடுத்த ஆண்டு மாணவனும் படிக்கலாம். மரவேலை பழகுபவன் பிழையாக அறுத்த பலகை மீளப் பயன்படாது. பிழையாக அறுக்காமற் பழகவும் முடியாது. ஓர் இயந்திரத்தின் முன் நாற்பது பேரை நிறுத்துதல் ஆபத்து. வகுப்பை இரண்டாகப் பிரித்தாலோ ஆசிரியர் வேதனம் இரட்டிக்கும். இயந்திரம் பழுதானால் திருத்தவேண்டும். இவையாவும் ஆண்டுதோறும் மீண்டெழும் செலவுகள். அரசாங்கங்கள் விரும்பிச் செய்வதோ மூலதனச் செலவு. கட்டடத்துக்குத் திறப்புவிழா உண்டு, பலகைக்கு இல்லை. கல்விக்கான மீண்டெழும் செலவிற் பெரும்பங்கு சம்பளத்துக்கே சென்றுவிடுவதால், மூலப்பொருளுக்கு எஞ்சுவது சொற்பம். அச்சொற்பமும் ஆண்டிறுதியில் வந்து சேருமாயின் உபகரணம் அலுமாரியிற் பூட்டியே கிடக்கும். செய்முறைப் பாடம் கரும்பலகையில் நடக்கும்.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரியது. 1971 கிளர்ச்சியின் பின், கற்றோர் வேலையின்மை எவராலும் மறைக்கமுடியாத உண்மையாயிற்று. டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிற் தாபனக் குழுவும் அவ்வாண்டிலேயே கல்விக்கும் தொழில்வாய்ப்புக்குமிடையிலான முரண்பாட்டைச் சுட்டியது. புதிய பாடவிதானத்தில் கணிதமும் விஞ்ஞானமும் போலத் தொழில் முன்னிலைப் பாடமும் யாவருக்கும் பொதுவாயிற்று. மாணவரைத் தரம்பிரிக்காத இக்கொள்கையை நாம் இன்றும் உயர்வாகவே மதிக்கின்றோம். ஆனால் வளங் குறைந்த அரசு அதனைச் சிக்கனமாக நடத்த விழைந்தது. பிரதேசத் தொழில்களே பாடங்களாயின. மீன்பிடிக் கிராமத்திற் பிறந்தவனுக்கு மீன்பிடி, நெசவூரிற் பிறந்தவளுக்கு நெசவு. தகப்பனிடம் செலவின்றிப் பழகக்கூடியதற்குப் பாடசாலை எதற்கு என்று ஒரு கடற்றொழிலாளி கேட்பாராயின் அவரைப் பிற்போக்காளர் என்று கூறுதல் எங்ஙனம்? சமத்துவமாகத் தொடங்கியது, மலிவு காரணமாகப் பிறப்பின் தொழிலுக்கே திரும்பும் பாதையாகத் தோற்றமளித்தது. தேசியக் கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை முதன்முதலாக 1975இல் நடைபெற்றது. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது.

2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பாடத்துறை தொடங்கியபோது நிலைமை வேறாயிருந்தது. அதன் முடிவிற் பல்கலைக்கழக வாயில் திறந்திருந்தமையால் மாணவர் விரும்பியே சேர்ந்தனர். பெற்றோரின் பழைய வெறுப்பு எங்கோ போயிற்று! எனினும் மூலப்பொருட் செலவு மாறவில்லை. பழைய மாணவர் சங்கம் வலுவாயுள்ள பாடசாலை அதனைத் திரட்டிக்கொள்ளும். தோட்டப்புறத்துப் பாடசாலை எவரிடம் கேட்கும்?

2017இல் ஆரம்பிக்கப்பட்ட பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரணதரப் பெறுபேற்றைக் கருதாது மாணவரை உயர்தரத் தொழிற்றுறைக்கு அனுமதிக்கின்றது. பாடசாலையிற் கற்றபின் பயிற்சி நிலையமொன்றிற் பயின்று தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டத்தை அவர்கள் அடையலாம். மாகாணப் பாடசாலையின் பணம் மாகாண சபையூடாக வருகின்றது. அரச பயிற்சி நிலையத்தின் பணம் பெரும்பாலும் மத்திய அரசிடமிருந்து வருகின்றது. இவ்விரண்டுக்குமிடையே மாணவன் ஏறும் பஸ்ஸின் கட்டணமும், அவன் அணியவேண்டிய பாதுகாப்புச் சப்பாத்தின் விலையும் எக்கணக்கிலும் இடம்பெறாவிடின், அவற்றைச் செலுத்துவது அவனுடைய தாயின் நாட்சம்பளமே.