எலியின் புண் ஆறுவது எவ்வாறு?

‘எலிகளில் விரைந்து குணமாக்கியது’ என்னும் விளம்பரத்தைக் காட்டி, அக்களிம்பைத் தீப்புண்ணில் தடவலாமா என்று உறவினர் சிலர் கேட்கின்றனர். எலித்தோலின் அடியிலுள்ள மெல்லிய தசைப்படலம் சுருங்கிப் புண்ணை இழுத்து மூடிவிடும். மனிதருக்கோ பெரும்பாலும் புதுத்தோல் வளர்ந்தே ஆறவேண்டும். பன்றித்தோல் நம்முடையதை ஓரளவு ஒத்தது. 1947இல் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் பன்றிகளில் ஆராய்ந்து, 44 பாகை செல்சியஸ் சூடுகூட ஏறத்தாழ 6 மணிநேரம் நீடித்தால் தோலைக் கருக்கும் என்று காட்டினர். சூடு, நேரம், அழுத்தம் ஆகியவற்றுள் ஒன்று மாறினும் புண்ணின் ஆழம் மாறும். இவற்றை ஒரே சீராக வைக்காத ஆய்வகங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. (களிம்பின் உறையில் இவை அச்சிடப்படுவதில்லை!) ஆழ்ந்த புண்ணில் களிம்பை நம்பிக் காத்திருந்தால் தோல் ஒட்டுச் சிகிச்சை தாமதமாகும்; தழும்பும் மிகும். வாங்குமுன் எங்களிடம் காட்டுங்கள்.